இருநூற்றுப் பதினான்கு கயிறுகள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, இத்தனை வருடப் பழக்கம், ஆனால் நலமில்லை கண்ணு. போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கோம் என்று சொன்னது பொய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் முன்னறைக்குக் கேட்கும், முன்னறையில் அப்பா இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். அளவு குறிக்கிற நோட்டில் தாளைக் கிழித்துத் தையல் மெஷின் பலகை மேல் வைத்து எழுதுகிறேன். பார்த்தால் யாருக்கோ திரைச்சீலை அளவு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நீ நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

அப்பாவின் வலது சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறது. முதுகுவலி என்று போனோம், ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது. இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், இதோ அதை உடைத்துவிட்டேன், பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நல்லவள், ஒளிவுமறைவு கிடையாது. இப்போ எடுத்தா முழுசா எடுத்துடலாம், தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். இவர் என்ன சொன்னார் தெரியுமா, கப்பல் முடியட்டும் டாக்டர், இன்னும் கொஞ்சம் கயிறுதான் பாக்கி, முடிஞ்ச மறுநாள் வந்து படுத்துக்கறேன் என்றார். அவள் சிரித்துவிட்டு ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்தாள். அந்தத் தேதியும் போயிற்று, அடுத்த தேதியும் போயிற்று. இப்போது மூன்றாவதாக அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் என்னைத் தேதி கேட்டு வராதீங்க, பரவிடும் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

நீ போனபோது அந்தக் கப்பல் வெறும் எலும்புக்கூடாக இருந்தது நினைவிருக்கும். இப்போது மூன்று பாய்மரமும் நிமிர்ந்து, மேல்தளம், பீரங்கி, ஏணி எல்லாம் வந்து, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய கப்பல், நூற்றில் ஒரு பங்கு அளவில், முன்னறை மேஜை மேல் வைத்து மரத்தில் செய்கிறார். பட்டறையில் முப்பது வருடம் பஸ் பாடிக்கு வரைபடம் போட்ட மனுஷன், ஒரு நூல் தடிமன் தவறினாலும் பிரித்துவிடுவார். பாக்கி இருந்தது கயிறு வேலைதான். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கயிறு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுச் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு கயிறு கட்டி முடித்தால் அந்த நம்பருக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். நான் வீடு கூட்டும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன், எனக்கு அதுதான் காலண்டர். முதல் தேதி போனபோது நூற்றுத் தொண்ணூறு இருந்தது. பரவாயில்லை, இன்னும் இருபத்துநாலுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் எண்ணினால் நூற்று எண்பத்தைந்து. எனக்குத்தான் கணக்கு தவறுகிறது என்று நினைத்தேன். அப்புறம் குப்பை அள்ளுகிற முறத்தில் பார்த்தேன், டிக்கை அழித்த ரப்பர் துகள், அதோடு தேன்மெழுகு தடவிய நூல் துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் முடிச்சு அப்படியே இருந்தது. நாற்பது வருடமாகத் தைக்கிறவளுக்கு நூல் துண்டைப் பார்த்தால் தெரியாதா, மிச்சம் வெட்டியதா, கட்டினதை அறுத்ததா என்று. ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பி, பையை மறந்து திரும்பி வந்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சின்ன பிளேடால் தன் முடிச்சைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்குவமாக அறுத்தார். நான் சத்தம் போடாமல் பையை எடுக்காமலே போய்விட்டேன், சந்தையிலிருந்து புடவைத் தலைப்பில்தான் காய் கட்டிக்கொண்டு வந்தேன்.

உன் மாமாவிடம் சொல்லி அழுதேன். அவன் வழக்கம்போலத் தட்டைக் காலி செய்துவிட்டு, கப்பலையும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே, பக்கத்துப் படுக்கையில வச்சுக்கலாம் என்று யோசனை சொன்னான். என் தம்பி மூளை அவ்வளவுதான். என் மூளை அதைவிட மோசம், அதைத்தான் எழுத வந்தேன். போன வாரம் பட்டறையில் ஏதோ பழைய வரைபடம் புரியவில்லை என்று அப்பாவை நான்கு நாள் கூப்பிட்டார்கள், காலையில் போய் மாலையில் களைத்து வந்து படுத்துவிடுவார், அந்த நான்கு நாளும் கப்பல் துணியை எடுக்கவில்லை. படத்தில் அப்போது நூற்று எழுபத்தொரு டிக் இருந்தது. பாக்கி நாற்பத்து மூன்று. நானே கட்டிவிட்டேன் சுண்டெலி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கப்பல் முடிந்தால் வருகிறேன் என்றாரே, முடித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் போட்ட மூடுதுணியை எடுத்து, அவர் நூலை எடுத்து, அவர் இடுக்கியால் நான்கு நாளும் கட்டினேன். எனக்குத் தெரிந்தது தையல். திரைச்சீலை என்றால் முதலில் நாலு ஓரத்தையும் மடித்து அடித்துவிட்டுத்தான் நடுவில் கை வைப்பேன், அப்படித்தான் துணி நிற்கும். அதே புத்தியில் கப்பலிலும் வெளிப்பக்கத்துக் கயிறுகளை முதலில் கட்டினேன். அது எல்லாம் அழகாக வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், நடுப் பாய்மரத்து அடியில் கட்ட வேண்டிய கடைசிப் பத்துக் கயிற்றுக்கு விரலும் நுழையவில்லை, இடுக்கியும் நுழையவில்லை. நான் கட்டினதே வேலி போட்டுவிட்டது. அந்தப் பத்தையும் கிடைத்த கயிற்றோடு சேர்த்து முடிந்து, சூப்பர் குளூவை விட்டு, நாற்பத்து மூன்று டிக்கும் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவர் துணியை எடுத்தார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன், ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. ஒரு மணி நேரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திட்டுவார், இடுக்கியை விட்டெறிவார் என்று இருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. கப்பல்ல எப்பவும் நடுவுல ஆரம்பிச்சு வெளிய வரணும்மா, நீ வெளிய ஆரம்பிச்சு உள்ள போயிருக்கே என்றார், பாடம் சொல்கிற மாதிரி. அதற்கு அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உன் பெரியப்பா பெயரை எடுத்தார். எங்க அண்ணன் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தன் காலால நடந்துதான் போனான், செருப்பைக்கூட என் கையில குடுத்துட்டுப் போனான், அந்தச் செருப்போட நான் தனியா வீட்டுக்கு வந்தேன் என்றார். இது முடியாம இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு எண்ணம், பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும், ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் காலையில எழுந்திருச்சேன் என்றார். இப்ப நீ முடிச்சுட்டே என்றார். அவ்வளவுதான் சொன்னார். 

அன்றிலிருந்து ஆறு நாளாக அந்த மேஜைப் பக்கம் அவர் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார். சவரம் செய்துகொள்ளவில்லை. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிற ஆஸ்பத்திரித் தாளை அவர் முன்னால் வைத்தேன், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் நானே ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவரைப் பிழைக்க வைக்கப் போய், அவர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டேன். யாரிடம் சொல்வேன். நான் காலில் விழுந்தும் பார்த்தேன், எழுந்திரு முட்டி வலிக்கும் என்கிறார். என் பேச்சு இனி எடுபடாது. நீ ஒருத்திதான் பாக்கி. அந்த மேஜைக்கு அடியில் தவழ்ந்து, கீழே விழுந்த, கயிறு கோக்கிற குட்டிக் கப்பிகளைப் பொறுக்கிக் கொடுத்துத்தானே உனக்குச் சுண்டெலி என்று பெயர் வந்தது, உன்னை ஒருத்தியைத்தான் அந்த மேஜைக்குக் கிட்டே விட்டார், என்னைத் துடைக்கக்கூட விட்டதில்லை. நீ பேசு. என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியவில்லை, அழுது பேசினாலும் சரி, கோபித்துப் பேசினாலும் சரி, லீவு கிடைத்தால் நேரில் வந்தே விடு. ஒன்பதாம் தேதிக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். கப்பலை உடைத்தால்தான் போடுவார் என்றால் நானே உடைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே. சளி விட்டதா, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல், எங்கள் இருவருக்கும் வயதாகிக் கிழடு தட்டுவதைக் கூட இருந்து பார்க்கிற அளவுக்கு நன்றாக இருக்க வேண்டும். ஒன்பதாம் தேதி, மறக்காதே. காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது மெஷினை நிறுத்தி வைக்கிறேன்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு.: உறையில் போடாமல் பலகை மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன், அதற்குள் அப்பா எடுத்துப் படித்துவிட்டார். மேலே சிவப்புப் பென்சிலில் இருப்பது அவர் எழுத்து. நான் பத்துக் கயிறு என்று எழுதியதை அடித்துப் பதினொன்று என்று திருத்தியிருக்கிறார். ஓரத்தில், சுண்டெலி, அம்மா கட்டினதை ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி கட்ட எனக்கு ஒரு வருஷமாவது வேண்டும் என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த ஒரு வருஷம் உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டேன், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அங்கே விளக்கு எரிகிறது, பிளேடை மேஜையில் வைத்து எடுக்கிற சத்தம் கேட்கிறது. ஆஸ்பத்திரித் தாளையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ உடனே கூப்பிடு.