ஷீ எப்ப வரும்?

செயின்ட்-மிஷேல்
8 ஜனவரி 2026, வியாழன் காலை

மிதுராவின் தகப்பனார் திரு. வினோஜன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கு நலமா என்று அறிய ஆவல் ஒன்றும் இல்லை. ஆனாலும் வணக்கத்தில் தொடங்கி மரியாதையில் முடிக்க வேண்டும் என்று மத்தியஸ்த அம்மா சொல்லிவிட்டார். போனில் வாய் திறந்தால் நாயும் பூனையுமாகக் கடிபடுகிறோமாம். ஆகையால் இனிப் பிள்ளையைப் பற்றிய சங்கதி எல்லாம் இந்தக் கொப்பியில் எழுதி, அவளுடைய பையில் போய்வர வேண்டுமாம். வியாழன் காலை நான் அவளைக் கார்டெரிக் காப்பகத்தில் விட, பின்னேரம் நீங்கள் கூட்டிப்போவீர்கள். திங்கள் காலை நீங்கள் விட, பின்னேரம் நான். ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கத் தேவையில்லை. பிரிந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

முதலாவது: ஊதாக் கையுறையில் இடது கை எங்கே? இரண்டு வயதும் பத்து மாதமுமான உங்கள் மகளுக்கு இரண்டு கை இருப்பதை இதுவரை கவனிக்கவில்லையானால் இப்போது அறியத்தருகிறேன்.

இரண்டாவது: நான் ஜட்டியோடு அனுப்பும் பிள்ளை பம்பர்சோடு திரும்பி வருகிறாள். மூன்று மாதமாகக் குளியலறை நிலத்தில் குந்தியிருந்து, பிளாஸ்ரிக் கக்காச் சட்டிக்குப் பாட்டுப்பாடி, பழக்கியது நான். நாலே நாளில் அதைக் குப்பையில் போடுவது நீங்கள். பையைத் திறந்தால் உங்கள் அண்ணை வீட்டு பேஸ்மென்டின் பொரிச்ச எண்ணெய் மணம். ஒவ்வொரு திங்களும் வாய்விட்டே ச்சீ என்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிசு. ரீச்சர் கரோல் என்னைத் தனியே கூப்பிட்டு, மிதுரா இப்போது கக்கா வந்தால் சொல்கிறாள், ஆனால் சொல்லும் சொல் சரியில்லை என்றார். 'ஷீ' என்கிறாளாம். அது வீதியில் வேலை செய்கிற ஆட்கள் கோபம் வந்தால் பிரெஞ்சில் சொல்கிற கக்கா. ரீச்சர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. என் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. உங்கள் அண்ணையின் பெடியளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் மற்றவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் எழுத வேண்டும் என்பதும் மத்தியஸ்த அம்மாவின் கட்டளை. எழுதுகிறேன்: வியாழன் முதல் திங்கள் வரை நீங்கள் ரொக்ஸ்பரோவில் இருக்கிறீர்கள். மற்ற நாட்களிலும் அங்கேதான்.

மரியாதையுடன்,
நிரோஜா

*

ரொக்ஸ்பரோ
12 ஜனவரி 2026, திங்கள்

மிதுராவின் தாயாரும் இலக்கமிட்ட குற்றப்பத்திரங்களின் மகாராணியுமான நிரோஜாவுக்கு,

வணக்கம். முதலாவது, இரண்டாவது என்று நீர் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்தபோதும் என்னோடு இப்படித்தான் கதைத்தீர். கலியாணம் கட்டினேனா, கந்தோரில் சேர்ந்தேனா என்று எனக்கு நாலு வருசமாகச் சந்தேகம்.

அண்ணையின் பெடியளுக்குப் பிரெஞ்சில் 'பொன்ஜூர்' தவிர வேறு சொல் தெரியாது. அதையும் 'ஹாய்' என்றுதான் உச்சரிப்பான்கள். உமது வீட்டுக்குக் கீழே உள்ள டெப்பனர் கடையில் பியர் வாங்க வருகிறவர்களைக் கேட்டுப் பாரும். மேலே பட்டுக்குஞ்சம், கீழே பியர்ப்பெட்டி.

போன வியாழன் உம்முடைய மகள் காரின் பின் சீற்றில் இருந்து 'ஷீ, ஷீ' என்று கத்தினாள். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலை, நெரிசல் நேரம், பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது. அடுத்த வெளிவாசலில் இறங்கி, ஓரமாக நிறுத்தி, ஸ்நோ சூட்டைக் கழற்றி, அதற்குள் இருந்ததைக் கழற்றி, அதற்குள்ளும் இருந்ததைக் கழற்றி, பனிக்குவியலுக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டும் இல்லை. என் முகத்தைப் பார்த்து அழுதாள். போன லொறிக்காரன் எல்லாம் ஹோர்ன் அடித்தான். இதுதான் நீர் மூன்று மாதம் பாட்டுப்பாடிப் பழக்கிய லட்சணம்.

முன்பென்றால் உமது பெயர் போனில் வந்ததும் ச்சீ என்று கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். கொப்பியை அப்படிக் கவிழ்க்க முடியவில்லை.

நல்ல விஷயம்: உமது கையெழுத்து வடிவு.

வினோஜன்

பி.கு.: கையுறை என்னிடம் இல்லை.

*

செயின்ட்-மிஷேல்
15 ஜனவரி 2026, வியாழன்

திரு. வினோஜன் அவர்களுக்கு,

வணக்கம். பகிடி விடும் நேரம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பதினொரு தடவை. புதன்கிழமை பதினான்கு. ரீச்சர் எண்ணி எழுதித் தந்திருக்கிறார். 'ஷீ' என்றதும் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், இருத்துகிறார், ஒன்றும் வருவதில்லை. பின்னேரம் மற்றப் பிள்ளைகளின் தாய்தகப்பன் வரத் தொடங்கியதும் இன்னும் கூடுகிறதாம். வீட்டிலும் அதே கதை. ஐந்து மணிக்குக் குசினி ஜன்னலில் ஏறி நின்று, "ஷீ வருதா?" என்கிறாள். "வரும், இரு குஞ்சு" என்று சட்டியில் இருத்தினால் இருபது நிமிசம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

மருந்தகத்தில் அரைநாள் லீவு எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். சலம் சோதிக்கக் கொடுத்திருக்கிறது. தகப்பன் வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று டொக்டர் கேட்டார். கொத்துரொட்டியும் பெட்டியில் வரும் கோழிப் பொரியலும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

பெப்ரவரி நாலாம் திகதி மத்தியஸ்தரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். உங்கள் நாலு நாளை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகக் குறைக்கக் கேட்கப் போகிறேன். பிள்ளை பிறந்த அன்று, பனி அள்ளுகிற வாகனம் வருகிறது என்று காரை மாற்றி நிறுத்தப் போய், ஐம்பது நிமிசம் கழித்து, அவள் பிறந்து குளித்து நித்திரையான பிறகு வந்த மனிசன் நீங்கள். உங்களுக்கு இரண்டு ஞாயிறே அதிகம்.

நல்ல விஷயம் தேடினேன். கிடைக்கவில்லை.

நிரோஜா

*

ரொக்ஸ்பரோ
19 ஜனவரி 2026, திங்கள்

நிரோஜா,

சலத்தில் ஒரு குறையும் இல்லை என்று கிளினிக் எனக்கும் செய்தி அனுப்பியது. கொத்துரொட்டிக்கு விடுதலை.

அந்த ஐம்பது நிமிசத்தை நீர் உமது தமக்கைக்குச் சொன்னீர், மத்தியஸ்தருக்குச் சொன்னீர், இனிக் கல்லில் வெட்டுவித்தும் வைப்பீர். காரை இழுத்துக்கொண்டு போயிருந்தால் பச்சைப் பிள்ளையை பஸ்ஸிலா கொண்டு வந்திருப்பீர்?

சனிக்கிழமை இங்கே நடந்ததையும் எழுதுகிறேன், குறித்து வையும். சட்டியில் இருந்துகொண்டு, "அப்பா, ஷீ எப்ப வரும்?" என்று கேட்டாள். "முக்கு, வரும்" என்றேன். "முக்கினா வருமா?" "ஓம், நல்லா முக்கினா வரும்." முகம் சிவக்கச் சிவக்க முக்கினாள். பிறகு வாசல் கதவைப் பார்த்து, "வரேல்ல" என்று விக்கி விக்கி அழுதாள். கதவால் கக்கா வருமா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு நாளை இரண்டு ஞாயிறாக்கினால் வைகாசிக்குள் அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாள். அது உமக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறீர். உம்மை எனக்கு நாலு வருசமாகப் பிடிக்கவில்லை. இப்போதுதான் பயமாக இருக்கிறது.

வினோஜன்

*

செயின்ட்-மிஷேல்
22 ஜனவரி 2026, வியாழன்

திரு. வினோஜன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தமுறை சந்தோசமாக எழுதுகிறேன்.

கார்டெரிச் சுவரில் பிள்ளைகளின் குடும்பப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு படம். எங்கள் பிள்ளைக்கு இரண்டு: நானும் அவளும், நீங்களும் அவளும். நேற்றுப் பின்னேரம் கூட்டப்போனபோது மிதுரா உங்கள் படத்துக்கு முன்னால் நின்றாள். உங்கள் மூக்கில் கையை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். கரோல் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு ஓட வெளிக்கிட்டார். "கொஞ்சம் நில்லுங்கோ" என்று தடுத்தேன். முதல் தடவையாகக் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

அது பிரெஞ்சும் இல்லை, கக்காவும் இல்லை. சுத்தமான தமிழ். ச்சீ!

உங்கள் படத்தைப் பார்த்து உங்கள் மகள் ச்சீ என்கிறாள். எனக்குப் பிடிபட ஆறு வருசம் எடுத்ததை அவள் மூன்று வயதுக்குள் கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பொருள் என்ன என்று கரோல் கேட்டார். பேந்து சொல்கிறேன் என்றேன். முதலில் மத்தியஸ்தர் கேட்கட்டும்.

இனி உங்களுக்கு அந்த இரண்டு ஞாயிறும் எதற்கு?

நல்ல விஷயம்: சுவரில் உங்கள் படம் இருந்தது. அது இல்லாவிட்டால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

நிரோஜா

*

ரொக்ஸ்பரோ
26 ஜனவரி 2026, திங்கள்

நிரோஜா,

உமது கடிதத்தை வாசித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு கண் போனால் உமக்கு இரண்டும் போக வேண்டாமா? வெள்ளிக்கிழமை வேளைக்கே கார்டெரிக்குப் போனேன். உம்முடைய படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, அதே சொல்லைச் சொல்லவைத்து, போனில் பதிவு செய்து, மத்தியஸ்தருக்குக் காட்டுவதென்று முடிவு. நான் ஒன்றும் உமக்குச் சளைத்த ஈனப்பிறவி இல்லை.

சொல்லவைக்கத் தேவையே இருக்கவில்லை. தானாக ஓடிப்போய் உமது படத்தில் கையை வைத்து, "ச்சீ" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பதிவை நிறுத்துவதற்குள் எட்டி, உமது படத்துக்குக் கொஞ்சினாள். கண்ணாடியில் எச்சில் வடியக் கொஞ்சினாள்.

வீட்டுக்கு வந்து சோறு தீத்தும்போது அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"இது ஆர்?"

"ச்சீ."

"அம்மா எல்லே?"

என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அதில் உமது சாயல் அப்படியே இருக்கிறது. "அங்க அம்மா. இங்க ச்சீ."

"அப்ப அப்பா?"

"இங்க அப்பா. அங்க ச்சீ."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள், அடுத்த பிடிக்கு.

விளங்குதா, நிரோஜா? அவளுக்கு அது ஏச்சு இல்லை. பக்கத்தில் இல்லாத ஆளின் பெயர். உமது வீட்டில் என் பெயர் எடுபடும்போதெல்லாம் நீர் அதைச் சொல்லியிருக்கிறீர். இங்கே உமது பெயர் வந்தால் நான் சொல்வேன், ஒளிக்கவில்லை. பிள்ளை கேட்டு, பாடமாக்கி, இரண்டு பேருக்கும் அதையே பெயராக வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு தடவை என்னைக் கேட்டிருக்கிறாள். ரீச்சர் காற்சட்டையைக் கழற்றினார். நெடுஞ்சாலையில் உம்மைக் கேட்டிருக்கிறாள். நான் பனியில் தூக்கிப் பிடித்தேன். சட்டியில் இருந்து, எப்ப வரும் என்று கேட்டது உம்மைத்தான். முக்கினால் வரும் என்றேன். தாய் வருவாள் என்று நம்பி முக்கியிருக்கிறாள், நிரோஜா. நான் பார்த்துச் சிரித்தேன்.

பதிவை ஒருவருக்கும் காட்டமாட்டேன். நாலாம் திகதி நீர் கேட்பதைக் கேளும். நல்ல விஷயம் எழுத இன்றைக்கு மனமில்லை.

வினோஜன்

*

செயின்ட்-மிஷேல்
29 ஜனவரி 2026, வியாழன் காலை

வினோஜன்,

திங்கட்கிழமை கார்டெரி வாசலில், கோட்டும் தொப்பியுமாக நின்றபடி உங்கள் கடிதத்தை வாசித்தேன். பிறகு பிள்ளையின் சப்பாத்தை மாட்டத் தெரியாமல் இடதை வலதில் மாட்டினேன். கரோல்தான் கழற்றி மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மிது ஜன்னலில் ஏறி, "ச்சீ வருதா?" என்றாள். "வியாழக்கிழமை வரும்" என்றேன். எத்தனை நித்திரை என்று கேட்டாள். மூன்று என்று விரலைக் காட்டினேன். சரி என்று இறங்கி விளையாடப் போய்விட்டாள். இவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. சட்டியை அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இந்த மூன்று நாளில் தானாகக் கேட்டு, கக்கா என்று ஒழுங்காகச் சொல்லி, நாலு தடவை போனாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தேன். பொய். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்களை இகழ்ந்தது போதாதென்று, அந்த இகழ்ச்சியையே அவளுக்குத் தகப்பன் பெயராகக் கொடுத்திருக்கிறேன். உங்களைப் பார்த்து வராத அருவருப்பு இப்போது என்மேலேயே வருகிறது.

கரோலிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, பிள்ளைகள் வீட்டுப் பாஷையில் சொல்லும் சொற்களுக்கு. தண்ணி, சோறு, நித்திரை. ச்சீ என்றால் என்ன என்று திரும்பவும் கேட்டார். அப்பா என்றேன். "வெள்ளிக்கிழமை அம்மாவின் படத்தைப் பார்த்தல்லவா சொன்னாள்?" என்றார். அதுவும்தான் என்றேன். உங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று ஆச்சரியப்பட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வடிவான பாஷை என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

நாலாம் திகதி நேரத்தை ரத்துச் செய்துவிட்டேன். உங்கள் நாலு நாளும் உங்களுக்கே. இதனால் மன்னித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். கார் நிறுத்தப் போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கொத்துரொட்டி விஷயத்திலும் மாற்றமில்லை. ஊதாக் கையுறை என் கோட்டுப் பைக்குள் இருந்தது.

நல்ல விஷயம்: நான் ரீச்சரிடம் கேட்டேன், டொக்டரிடம் கேட்டேன், மத்தியஸ்தரிடம் கேட்க நேரம் எடுத்தேன். பிள்ளையிடம் கேட்டது நீங்கள்தான்.

அந்தச் சொல்லை இந்த வீட்டில் இனிச் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதேயுங்கோ. அவள் வாயில் இருந்து அது தானாக உதிரட்டும். அதுவரை அவள் எங்களை எப்படிக் கூப்பிட்டாலும் என்ன குஞ்சு என்று கேட்போம்.

இன்று பின்னேரம் உங்களோடு வருவாள். ஆறு மணிக்கு முகம் தெரிகிற மாதிரி எனக்குப் போன் எடுங்கள். நான் கவிழ்த்து வைக்கமாட்டேன். அம்மா கதைக்கிறா என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. ச்சீ வந்திட்டுது என்று சொல்லுங்கோ.

நிரோஜா