ஒரே ஒரு ‘அட’

ஜூன் 6, வெள்ளி

அனைவருக்கும் இதன்மூலம் அறிவிப்பது என்னவென்றால்: இன்று மாலை முதல் கூடத்து சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் என் ஆளுகையிலிருந்து பறிக்கப்பட்டு, சித்தி மகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மன்னர் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு நாடு கடத்தப்பட்டார். குடிமக்கள் யாரும் அழவில்லை.

காரணம்? அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் ஓரத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாதாம். சித்தி நர்ஸ். வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வீடு கிடைக்கும்வரை மகள் எங்களோடு. என்னைவிட ஒரு வயது சின்னவள். படம் ஓடும்போது கண்ணைச் சிமிட்டவே மாட்டாள், ஆகவே முட்டைக்கண்ணி. பெயர் உபயம்: அடியேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வந்து, வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோரும் உட்கார்ந்து ஒரு படம். முடிந்து பெயர்கள் ஓடும்போது டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, “தீர்ப்பு?” என்பார். முதல் தீர்ப்பு எப்போதும் என்னுடையது. வீட்டுச் சட்டம்.

இன்று பேய்ப்படம். நான் சொன்னேன், “பாத்த எனக்கு ஒண்ணும் திகிலா இல்லப்பா. இத எடுத்தவருக்குத்தான் என்னா தைரியம்!” அப்பா சிரித்தார். அங்கேயே விளக்கைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவள் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்ற?” என்றார்.

“அந்த அம்மா எல்லாக் கதவையும் பூட்டுறாங்க பெரியப்பா. ஆனா மாடி ஜன்னல மட்டும் தொறந்தே வச்சிருக்காங்க. அவங்களுக்குப் பயமே இல்ல. யாரோ வரணும்னு காத்துட்டிருக்காங்க.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா சொன்னார்: “அட!”

அட. எனக்கு அவரிடம் சிரிப்பு கிடைத்திருக்கிறது, ஒருமுறை செருப்பும் கிடைத்திருக்கிறது. அட கிடைத்ததே இல்லை.

ஜூன் 7, சனி

கண்ணாடி முன் நின்று எனக்கு நானே ‘அட’ சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி மாதிரி வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

சதித்திட்டம் ஒன்று: அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவளுடைய கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினேன். பார்ப்பது மங்கினால் பேசுவதும் மங்கும் என்பது என் கணக்கு.

இன்று அண்ணன் தம்பி சொத்துத் தகராறுப் படம். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய்தான் பரவியது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நான் ஸ்டூலில் குஷியாக ஆடினேன். ஸ்டூலும் ஆடியது.

நடுவில் நான் வில்லனின் மீசையைப் பற்றி ஒரு நல்ல கடி விட்டேன். அப்பா: “டேய், கொஞ்சம் வாய மூடு. படம் போகுதில்ல.”

எனக்கா? என்னிடமா?

முடிந்ததும் “தீர்ப்பு?” என்றவர் பார்த்தது அவளை. முதலில் அவளை!

“இன்னிக்கு மொகம் சரியா தெரியல பெரியப்பா. அதான் குரல மட்டும் கேட்டேன். அந்த அண்ணன்காரரு பொய் சொல்றப்பல்லாம் வேகமா பேசறாரு. கடைசி சீன்லயும் வேகமாத்தான் பேசினாரு. அவரு திருந்தல.”

“அட! எங்க மேனேஜரும் இப்படித்தான் பேசுவான்!”

ஆக, இந்த ‘அட’வுக்கு எண்ணெய் ஊற்றியது நான்.

ஜூன் 16, திங்கள்

லிஃப்ட் கதவு அப்பாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. எலும்பு தப்பியது. பெரிய கட்டு. ஒரு வாரம் வேலைக்குப் போகக்கூடாதாம். பொழுதுபோக நான்கு பாகத் தொடர் ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம், தினம் மாலை ஒரு பாகம். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி ஒருவர் காணாமல் போகிறார். அப்பாவுக்குக் கை முடியாததால் ரிமோட்டை இனி முட்டைக்கண்ணி வைத்துக்கொள்வாளாம். இந்த வீட்டில் எனக்கும் இரண்டு கை இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை.

ஜூன் 18, புதன்

மூன்று பாகம் முடிந்தது. வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது.

“டாக்டர்தான் ஆள முடிச்சிருக்கான்” என்கிறார் அப்பா.

“ஒங்களுக்கு டாக்டருன்னாலே ஆகாது. தம்பிக்காரன்தான்” என்கிறார் அம்மா.

முட்டைக்கண்ணி மட்டும், “இன்னும் தெரியல பெரியம்மா, பாக்கலாம்” என்கிறாள்.

நாளை மத்தியானம் அம்மா அப்பாவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போகிறார். அவளுக்குப் பள்ளிக்கூடம். எனக்கும் பள்ளிக்கூடம்தான். ஆனால் நாளை எனக்கு வயிற்றுவலி வரப்போகிறது. கடைசிப் பாகத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு, மாலையில் ஞானியைப்போலக் கண்ணை மூடி அறிவிப்பேன். நாளை இங்கே அட-மழை!

ஜூன் 19, வியாழன், மத்தியானம்

பார்த்தாகிவிட்டது. காவலாளியை யாரும் கொல்லவில்லை. அவராகவே விளக்கை அணைத்துவிட்டுப் படகேறிப் போய்விட்டார். சுத்த அறுவை. கண்ணில் தூசி வேறு. இந்த வீட்டில் ஃபேனைத் துடைப்பவர் யாருமில்லை.

அதே நாள், மாலை

வெற்றி! வெற்றி!

தொடர் ஆரம்பிக்குமுன் எழுந்து நின்றேன். “கொலையே இல்ல. ஆளு உயிரோட இருக்காரு. அவராத்தான் போயிருக்காரு.” அம்மா, “ஒக்காருடா, பெரிய ஜோசியக்காரன்” என்றார். படகு வந்த காட்சியில் அப்பா சோபாவைவிட்டே எழுந்துவிட்டார்.

“அட! அடடா! எப்புட்றா?”

ஒன்றல்ல, ஒன்றரை அட! காவலாளியின் சட்டைப் பொத்தான், கடலின் அலை, மனித மனம் என்று நீளமாக விளக்கினேன். எனக்கே புரியவில்லை. முட்டைக்கண்ணியிடம் தீர்ப்புக் கேட்டபோது, “அண்ணா சொன்னதுதான்” என்றாள். வாயடைத்துவிட்டாள் பாவம்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பா சித்தியிடம் போனில் பெருமையடித்தார். “இவன் மூளை யார்கிட்டேருந்து வந்துச்சுன்னே தெரியல!” அம்மா உள்ளேயிருந்து, “ஒங்ககிட்டேருந்து இல்ல, அது மட்டும் தெரியும்” என்றார். பிறகு போன் அவள் கைக்குப் போனது. “நல்லாருக்கேன்மா. ஆமாம்மா, அண்ணாதான் கண்டுபுடிச்சான். வீடு கெடச்சுதாம்மா?… சரிம்மா. பரவால்லம்மா.” வேகமாகப் பேசினாள். அந்தப் படத்து அண்ணனைப்போல.

சரி. எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். வியாழக்கிழமை மாலை அவள் டிவியைப் போட்டதும் கடைசிப் பாகத்தின் அடியில் சிவப்புக் கோடு முழுசாக ஓடியிருந்தது. ‘மீண்டும் பார்க்கவா?’ என்று கேட்டது. பார்த்தால் பார்த்ததைக் காட்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார், அம்மா அடுப்படியில். அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று பொத்தானை அமுக்கிவிட்டு, “வாங்க பெரியப்பா, ஆரம்பிச்சாச்சு” என்றாள்.

இன்று துணி காயப்போடும் இடத்தில் அவளிடம் கேட்டேன். “ஏன் காட்டிக்குடுக்கல?”

“நீ படம் முடிஞ்சதும் பெரியப்பா மொகத்தையே பாப்ப அண்ணா. பாவமா இருந்துச்சு.”

“நீ டிவியத்தான பாப்ப?”

“ஸ்டூல்ல உக்காந்து நீ பண்றதெல்லாமும் தெரியும். எண்ணெய் வாசனையும் தெரியும்.”

ஐயோ.

ஜூன் 27, வெள்ளி

அப்பாவின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. புதுப் படம். முடிந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார். “சொல்லுங்க ஞானி. தீர்ப்பு?”

மீசை, வில்லன், கடி – ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“அப்பா, அந்தக் கலங்கரை விளக்கம் கடைசிப் பாகத்த நான் மத்தியானமே பாத்துட்டேன். வயித்துவலியும் பொய்.”

அம்மாவின் கை மறுபடி நின்றது. அப்பா என்னையே பார்த்தார். பிறகு, “அடப்பாவி!” என்று ஆரம்பித்து, வலித்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நியாயமாக எனக்குக் கிடைத்த முதல் அட. பின்னால் பாவி ஒட்டியிருந்தது.

“சரி, விட்றா. ரெண்டு தடவ பாத்திருக்கியே, நெசமா எப்படி இருந்துச்சு? காமெடி பண்ணாம சொல்லு.”

“மொத தடவ… அவரு வெளக்க அணைக்கறப்ப அழுதுட்டேன்பா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவரக் காணோம்னே அங்க எல்லாரும் கவனிக்கறாங்க. அதனாலதான் போயிருக்காரு. ரெண்டாவது தடவ ஒங்க முன்னாடி அழக்கூடாதுன்னுதான் அவ்ளோ பேசினேன்.”

ஆமாம். தூசி இல்லை. ஃபேனை அம்மா போன வாரம்தான் துடைத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் ஸ்டூலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அட” என்று ஒரு குரல். மெதுவாக.

அப்பாவுடையது இல்லை. சோபாவில் ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டவில்லை.

போய் உட்கார்ந்துகொண்டேன்.