சுபஸ்ரீ மேடம் நிறுத்திய லைன்

அன்பு மகள் ஷாலினுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபத்தில் கேட்காத நாளில்லை. போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். படப்பையில் உன் சித்தி வீடு கட்டி முடித்துவிட்டாள், பால் காய்ச்சப் போய் வந்தோம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

உன்னை வார்டுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், வயதில் மூத்த நர்சுகளை எப்படி வேலை வாங்குவது என்று பயமாக இருக்கிறது என்றாய். எனக்கும் அந்தப் பயம் இப்போதுதான் வந்திருக்கிறது. போன மாதம் கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். தண்டலத்தில் ஒரு காலேஜிலிருந்து வந்தவர், தலைவன் பிறக்கும்போதே தலைவன் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், பிறகு பழகிக்கொள்ளலாம் என்றார்கள், அப்புறம் நேரத்துக்குத் தக்கபடி மாற வேண்டும் என்றார்கள், இப்போது கீழே இருப்பவர்களுக்கு ஊழியம் செய்பவன்தான் தலைவன் என்கிறார்கள் என்று சொன்னார். நான் பார்த்த இன்சார்ஜுகளை ஒவ்வொன்றிலும் பொருத்திப் பார்த்தேன். ஒருவர் விசில் ஊதித்தான் கூப்பிடுவார். அடுத்தவர் டார்கெட் முடித்தால் பிரியாணி, முடிக்காவிட்டால் மெமோ. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் சுபஸ்ரீ மேடம்தான் எதிலும் பொருந்தவில்லை. உன்னைவிட இரண்டு வயது கூட, அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் எங்களைக் கூப்பிட்டு, நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்பார். "இன்னாபா இது, எல்லாத்துக்கும் நம்மளையே கேட்டுகினு கீது" என்று பையன்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரமே பிரஸ் மிஷினில், கை உள்ளே போனால் நிறுத்துகிற சென்சார் வேலை செய்யாமல் போய்விட்டது. லோடு போக வேண்டும், சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று மேனேஜர் போனில் சொன்னார். அன்றைக்கு மேடம் யாரையும் கேட்கவில்லை. சிவப்பு பட்டனை அடித்து, "யாரும் கிட்ட போகாதீங்க" என்று போட்ட சத்தத்தில் நானே பின்வாங்கினேன். மேனேஜர் இறங்கி வந்து எல்லார் எதிரிலும் கத்தினார். "நிறுத்தினது நான் சார், என் பேர்லயே எழுதிக்கோங்க" என்றார் மேடம். அந்த மிஷினில் நிற்கிற திருநெல்வேலிப் பெண் பேச்சி, "கை போச்சுன்னா நீங்களா சார் சோறு ஊட்டுவீய?" என்று கேட்டுவிட்டாள். மேனேஜர் திரும்பி மேலே போய்விட்டார். மறுநாள் புது சென்சார் வந்தது. மேடத்தை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட வேலை, கைக்கு வந்தபோது மனசு ஒப்பவில்லை. வேண்டாமென்று சொல்லப் போகிறேன் என்று ஸ்டோருக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். "அப்படிச் சொல்லாதீங்கண்ணா, வேற யாராவது வந்தா சென்சார் இல்லாமலே மிஷினை ஓட்டிடுவாங்க" என்றார். ஏற்றுக்கொண்டேன். முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டு, சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காமலே நிறுத்துங்கள் என்றேன். வியாழக்கிழமை பேச்சி நிறுத்தினாள். பார்த்தால் சென்சாரில் வெறும் தூசி, துடைத்ததும் சரியாகிவிட்டது. மேலேயிருந்து போன் மேல் போன். எனக்குத் திட்டு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது ஷாலின். பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "நாளைக்கும் சந்தேகம் வந்தா நிறுத்தும்மா" என்றேன். பேச்சி பட்டனை விடுவித்தாள், மிஷின் ஓட ஆரம்பித்தது, நான் மேலேயிருந்து வந்த போனை எடுக்கப் போனேன்.

உனக்கும் அங்கே பயம் வரும், வரட்டும் கண்ணு. டூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன் பக்கத்திலேயே நிற்பாள்.

உன் அப்பா,
யேசுராஜ்
பிள்ளைப்பாக்கம்