ஒட்டின இடம்

அண்ணா,

நான் நல்லா இருக்கேன். தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போறேன், நேரத்துக்குச் சாப்பிடறேன்.

"பூச்சி பிடிக்கிற வேலையாடி?"ன்னு அம்மா போன்ல கேட்பாங்களே, அப்புறம் சொல்றேன்னு வெச்சிடுவேன். இப்ப உனக்குச் சொல்றேன். உடம்புல இருக்கிற செல் ஊர்ந்து போறதை மைக்ராஸ்கோப்புல படம் எடுக்கறேன். உள்ளே ஆக்டின்னு நூல் மாதிரி ஒரு புரதம் வளர்ந்து, முன்பக்கத்தைத் தள்ளும். மயோசின்னு இன்னொண்ணு அந்த நூலைப் பிடிச்சு இழுத்து, பின்பக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். மருந்து ஊத்தி மயோசினை நிறுத்திட்டா, முன்பக்கம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். வால் ஒட்டின இடத்தை விடாது.

சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

அம்மாவை நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சுன்னு எழுதியிருந்தே. அவங்க மூக்குக்கண்ணாடி உன்கிட்டேயே இருக்கட்டும்.

செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும், விட்டுட்டு வந்தா செத்துடும்னு, அம்மா போயிட்டாங்கன்னு நீ போன் பண்ணின அன்னிக்குச் சொன்னேன். "சரிம்மா, நீ வேலையைப் பாரு, இங்க நான் இருக்கேன்"னு சொன்னே. ஒரு வார்த்தை திட்டலை.

அன்னிக்கு, செல் வளர்க்கிற தட்டுல செல்லே இல்லை அண்ணா. முந்தின நாளே பூஞ்சை பிடிச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஊருக்கு வரப் பெட்டி கட்டி, செருப்பு மாட்டி, சாயங்காலம் வரைக்கும் கதவுக்கு உள்ளேயே நின்னுக்கிட்டிருந்தேன்.

உன் தங்கச்சி