ஒரே வீட்டின் இரண்டு படங்கள்

6-2-78, திங்கள். புதுச்சேரி

எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவின் தாழைத் திறந்துவிட்டேன். கக்கூஸ் கழுவ லட்சுமி சந்து வழியாக வரும் நேரம். பிறகு மாதா கோயிலில் பூசை. முடிவில் சாமியார் என் பெயரைச் சொன்னார். நம் பங்கிலிருந்து ஒரு பிரெஞ்சு டீச்சர் கமரூன் நாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறார், அதற்கு முன் பிரான்சில் லியோன் நகரில் எட்டு வாரப் பயிற்சி என்று. நாற்பத்து நான்கு வயதில் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

அண்ணிக்குக் கேலி. "அந்த ஊர்ல யார் குடுத்தாலும் வாங்கிச் சாப்பிடணுமாமே. நீயா?"

"ஏன், சாப்பிட மாட்டனா?" என்றேன்.

19-2-78. லியோன்

குளிர். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் போதவில்லை. பதினான்கு பேர் படிக்கிறோம். அந்நிய மக்கள் நடுவே எப்படி வாழ்வது, எதைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாது — பயிற்சி நடத்தும் மதாம் சொல்லித்தருகிறார். எனக்கு எளிதாகவே இருக்கிறது.

இங்கே ஒரு தமிழ்ப் பெண்! அமலோற்பவம். நர்ஸ். அவளும் கமரூனுக்குத்தான்.

"புதுச்சேரில எங்கம்மா?"

"உப்பளம், டீச்சர்."

"உப்பளத்துல எந்தப் பக்கம்?"

அவள் சிரித்தாள். "நீங்க நினைக்கிற பக்கந்தான்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஊர்க்காரரைப் பார்த்தால் கேட்பதுதானே. இன்னொன்று: நான் டீச்சர் என்று அவளிடம் இன்னும் சொல்லவே இல்லையே.

2-3-78

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்றைய பயிற்சி: அவரவர் வீட்டைப் படமாக வரைய வேண்டும். எல்லா வாசலும் இருக்க வேண்டும். எந்த வாசல் வழியாக யார் வருவார்கள் என்று எழுத வேண்டும். பெயர் போடாமல் சுவரில் ஒட்ட வேண்டும்.

நான் தெருக்கதவு, கூடம், அப்பாவின் அறை, மேரி மாதா சுரூபம், சமையலறை எல்லாம் வரைந்தேன். தெருக்கதவுக்கு நேராக "எல்லோரும்" என்று எழுதினேன். எல்லோரும்!

என் தாளுக்கு இரண்டு தாள் தள்ளி இன்னொரு படம். ஒரு சந்து. ஒரு சிறிய கதவு. கக்கூஸ். பிளந்த அடிமரத்தைக் கம்பியால் கட்டிய கொய்யா. கிணற்றுக் கட்டையைச் சுற்றிப் பச்சை ஓடு, ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம். சுவர் மாடத்தில் கவிழ்த்துவைத்த அலுமினிய டம்ளர். அதற்கு மேல் சமையலறைச் சுவர் என்று ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் வெறும் தாள்.

அந்த ஓடுகளை அப்பா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். ஊரில் வேறு யார் வீட்டிலும் கிடையாது.

அமலோற்பவம் எழுந்து வந்தாள். தன் தாளைப் பிய்த்தெடுத்து, என் தாளின் சமையலறைக்குக் கீழே ஒட்டினாள். "இரண்டும் ஒரே வீடு, மதாம்" என்றாள் பிரெஞ்சில். அமைதியாகத்தான் சொன்னாள்.

என் படத்தில் கொல்லைக் கதவே இல்லை. தினமும் என் கையால் திறக்கிற கதவு. எப்படி விட்டேன்?

3-3-78

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

5-3-78

துணி துவைக்கும் அறையில் அவள் தனியாக இருந்தாள். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, இருவரும் பிழிந்தோம்.

"நீ லட்சுமியோட மகளா?" என்றேன்.

"லட்சுமிங்கறது எங்க அம்மாவுக்கு முன்னாடி வந்தவங்க பேரு டீச்சர். அவங்க செத்து இருபத்திரண்டு வருசமாவுது. உங்க வீட்ல பேர மாத்திக்கவே இல்ல. எங்க அம்மா பேரு தனக்கொடி."

போர்வை கையிலிருந்து நழுவிவிட்டது.

நினைவிருக்கிறது. நன்றாகவே நினைவிருக்கிறது. ஒரு மழைக்காலம். அம்மா கொல்லையைப் பார்த்துவிட்டு வந்து, "புது லட்சுமி வந்தாச்சு" என்றாள். நானும் சிரித்தேன். காலேஜ் முடித்திருந்தேன் அப்போது.

"அவங்க ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அழுகை வந்துவிட்டது. ஊருக்குப் போனதும் தனக்கொடியை முன்வாசல் வழியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, என் கையால் காப்பி — என்னென்னவோ உளறினேன்.

"அதெல்லாம் வேணாம் டீச்சர். உங்க மனசு ஆறறதுக்கு எங்க அம்மாவைப் பயமுறுத்தாதீங்க."

"அப்ப நான் என்னதாம்மா பண்றது?"

"என்னைக் கேட்டா? அது உங்க வீடு." போர்வையின் என் முனையையும் அவளே எடுத்து மடித்துக்கொண்டாள்.

20-4-78, வியாழன். புதுச்சேரி

லியோனிலிருந்து படிவம் வந்திருக்கிறது. பயிற்சியில் தேறிவிட்டேனாம். மதாம் நல்லவிதமாக எழுதியிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு மட்டும் நானே பதில் எழுதி அனுப்ப வேண்டும்: புறப்படத் தயாரா? வீய் அல்லது நொன்; ஆம் என்றோ இல்லை என்றோ. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு விருந்து, அறுபது பேர்.

21-4-78

ஊருக்கு வந்து ஐந்து நாளாக, கக்கூஸ் கழுவ அவள் வரும் நேரத்தில் பூசையில் ஒளிந்துகொண்டேன். இன்று போகவில்லை. தாழைத் திறந்து அங்கேயே நின்றேன். வாளியோடு வந்தாள்.

"தனக்கொடி" என்றேன்.

திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. வெளிறிப்போயிருந்தது.

"இன்னாம்மா? எம்பொண்ணு எதனா பேசிச்சா அங்க? அது சின்னப் புள்ளம்மா, மனசுல வச்சுக்காதீங்க. நாளையிலேருந்து நான் வரவேணாமா?"

"ஐயோ, இல்ல. பேரு... பேரு சொல்லிக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்."

"லட்சுமின்னே கூப்பிடுங்கம்மா. அதான் பழக்கம்." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

சமையலறையிலிருந்து அண்ணி, "யாருடி அது தனக்கொடி?" என்றார்கள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அண்ணியிடம்கூட வரவில்லை. ஆனால் கமரூனில், பேர் தெரியாத சனங்கள் நடுவில் நின்று, எல்லோரும் சகோதரர் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொடுக்க வரும். அது வரும்.

மாலை அண்ணன் விருந்துக்கு வாடகை நாற்காலி சொல்லிவிட்டு வந்தார். கறிக்கும் சொல்லியாகிவிட்டதாம். "கையெழுத்துப் போட்டு வச்சியா? திங்கக்கெழமை தபால்ல சேத்துடணும்" என்றார். போட்டுவிட்டேன் என்றேன்.

போட்டுவிட்டேன்தான். உறையையும் ஒட்டிவிட்டேன். உள்ளே 'நொன்' என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது.