கிள்ளான் ஆலயத்தின் முப்பத்தொரு பேர்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து புகைமூட்டம். பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் கரி வாசனை. மறுபடி துவைக்க வேண்டும். தலையெழுத்து.

மாலை ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்தில் நிர்வாகக் குழுக் கூட்டம். ஏழு பேரும் வந்தோம், அதிசயம். தேநீரோடு வைத்த கறிபாப் ஆறிப்போயிருந்தது. பேசியவை:

1. ஒலிபெருக்கி ரிப்பேர். ஒத்திவைப்பு (நாலாவது தடவை).
2. இளையோருக்கு ஆங்கில ஆராதனை. அடுத்த கூட்டத்தில்.
3. கிள்ளான் கிளை ஆலயம். மூடுவதா வேண்டாமா?

மூன்றாவதற்குத்தான் சண்டை. விதிப்படி, திருவிருந்து எடுப்பவர்கள் இருபத்தைந்துக்குக் குறைந்தால் கிளையை மூடிவிடலாம். கிள்ளானில் தலையை எண்ணுவதில்லை. ஆராதனை முடிந்ததும், திருவிருந்துச் சாறு குடித்துக் காலியான குட்டிக் கிண்ணங்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது அங்கே பழக்கம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்காதான் எழுதுகிறார். குடியிருப்பதும் ஆலயத்தின் பின்னறையில். ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஒரே எண். முப்பத்தொன்று.

சேர்மன் மேசையைத் தட்டினார். "ஆறு வருஷத்துல அங்க எத்தனை சாவு? சிஸ்டர், நீங்கதானே செகரட்டரி, சொல்லுங்க."

"இருபது." உறுப்பினர் பட்டியலில் அந்த இருபது பெயரையும் சிவப்பு மையில் அடித்தவள் நான்தான்.

"இருபது பேர் போயும் எண்ணிக்கை குறையல. அந்தம்மா பொய்க்கணக்கு எழுதுது லா. நிரூபணமாச்சுன்னா ஆலயமும் இல்ல, ரூமும் இல்ல."

என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். எனக்கும் சந்தேகமே இல்லை, பொய்தான். அக்காவை நினைத்தால் எரிச்சல். அப்புறம் பாவமாகவும் இருந்தது. அறுபத்து மூன்று வயதில் எங்கே போவார்?

ஜூலை 6, ஞாயிறு

புகை குறையவில்லை. முகமூடியோடு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான். ஆலயத்தைச் சுற்றி இப்போது கன்டெய்னர் கிடங்குகள்தான். லோரி போனால் ஜன்னல் நடுங்குகிறது.

வந்தவர்கள் பதினொரு பேர். மூன்று தடவை எண்ணினேன். ஆனால் உட்கார்ந்த விதம் பிடிக்கவில்லை. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் ஒரே ஆள், அதுவும் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு. தாமதமாக வந்த ஓர் அம்மா காலியான பெஞ்சில் சேலையைத் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்து போனார். "சாரி அங்கிள், சாரி ஆன்டி, கொஞ்சம் காலை எடுத்துக்குங்க."

முடிந்ததும் கிண்ணங்களை நானே எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாம் குடித்த கிண்ணம், அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு.

"யாருக்கா இவ்வளவையும் குடிச்சது?"

"எடுக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் எண்ணத்தான் செய்றேன்."

கோபம் வந்துவிட்டது. என்னை என்ன காதில் பூ வைத்தவள் என்று நினைத்தாரா? முன்கூட்டியே சாறு ஊற்றி எடுத்த அழுக்குக் கிண்ணங்களைக் கலந்திருக்கிறார், வேறென்ன.

ஜூலை 9, புதன்

கிள்ளான் ஞானமுத்து அங்கிள் நேற்றுக் காலமானார். ஞாயிறன்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்து, என்னிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டவர். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து குளித்தேன். பட்டியலில் சிவப்பு மை.

சேர்மன் வாட்ஸ்அப்பில்: "இனி பத்து பேர்தான். நம்ம வேலை சுலபமா போச்சு." இந்த மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராதா?

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திராட்சைச் சாறு நானே கொண்டுபோனேன். கிண்ணங்களை நானே கழுவித் துடைத்து, நாற்பது ஊற்றினேன். மற்றக் கிண்ணங்களை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா அக்காவை முன் பெஞ்சில், என் கண்ணெதிரே உட்காரவைத்தேன். ஜெபத்தின்போதுகூடக் கண்ணை மூடவில்லை (மன்னிப்பு உண்டுதானே).

பத்துப் பேர். பீடத்துக் கம்பியோரம் மண்டியிடும்போதும் நடுவில் இடம் விட்டு விட்டுத்தான். பாஸ்டர் தட்டை ஏந்தி, ஆள் இல்லாத இடத்திலும் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு நகர்கிறார். கிண்ணம் எழும்புவதையோ நகர்வதையோ நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மிச்சம் ஒன்பது. காலி முப்பத்தொன்று. போன வாரமும் முப்பத்தொன்று, அப்போது ஞானமுத்து அங்கிள் உயிரோடு இருந்தார். வந்த பத்தோடு, நான் சிவப்பு மையில் அடித்த இருபத்தொன்று.

பாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். இளவயது, வந்து இரண்டு வருடம்தான். "நான் வந்தப்பவே இப்படித்தான் சிஸ்டர். முதல்ல பயந்தேன். அப்புறம் பழகிருச்சு."

அக்காவிடம் போனேன். "அக்கா, உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"வயித்துல பால வார்த்தீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா போர்டு நம்பணுமேம்மா. இங்க மூடிட்டா நான் எங்கயாச்சும் வாடகைக்குப் போயிருவேன். இவங்க எங்க போவாங்க?"

'இவங்க' என்றபோது அவர் கை காட்டிய பக்கம் நான் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பல் வலி. டாக்டர் திங்கள்தான் வரச் சொன்னார்.

சேர்மனுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். சிரித்தார். "ஏழு பேரும் நேர்ல வர்றோம். அவங்க பத்து, நாம ஏழு, மொத்தம் பதினேழு. சரியா பதினேழு கிண்ணம் ஊத்துங்க, ஒண்ணு கூடக் கூடாது. அதுக்கப்புறம் எப்படி முப்பத்தொண்ணு வருதுன்னு பார்த்துடலாம். முடிஞ்ச கையோட அங்கயே ஓட்டெடுப்பு."

ஊற்றச் சொல்கிறார், ஊற்றுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

பதினேழு ஊற்றினேன். சேர்மன் பக்கத்தில் நின்று எண்ணினார். அக்கா மட்டும் முணுமுணுத்தார், "பத்தாதும்மா."

சபையார் முதலில் போனார்கள், அவர்களுக்குக் கிடைத்தது. நிர்வாகக் குழு கடைசி. ஏழு பேரும் மண்டியிட்டோம். பாஸ்டர் சேர்மன் முன்னால் தட்டோடு வந்து நின்று, "இது உங்களுக்காக..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். பதினேழும் காலி. விளிம்பில் ஈரம்.

வெறுங்கையோடு எழுந்து வந்தோம். நாற்பது வருடத்தில் எனக்கு இதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. பயம் பாதி. மீதி, நம்மைக் கேட்காமலே நமக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்களே என்ற வெட்கம். நாமும் அவர்களுக்கு அப்படித்தானே செய்யப் பார்த்தோம்.

சபையார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா பின்னறையில் கிண்ணம் கழுவுகிறார், குழாய்ச் சத்தம் கேட்கிறது. பாஸ்டர் அவரோடு. நாங்கள் ஆறு பேர் முதல் பெஞ்சில். சேர்மன் பீடத்துப் படியில் எங்களைப் பார்த்து நின்றார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வீம்பு போகவில்லை. "இதெல்லாம் சரிப்படாது. மூடிடுறதுதான் எல்லாருக்கும் நல்லது."

எழுந்தேன். "கிள்ளான் ஆலயம் மூடப்படக் கூடாது. நான் முன்மொழியிறேன்."

"சரி. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

தூக்கினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். மற்ற ஐந்து பேர் கையும் மடியில். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சேர்மன் விரலை நீட்டி, "ஒண்ணு," என்றார். பிறகு பார்வை எங்கள் தலைக்கு மேலே போனது. "ரெண்டு... மூணு... நாலு..." விரல் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு மேல் சத்தம் இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

"நிறைவேறிடுச்சு," என்றார் கடைசியில்.

"மினிட்ஸ்ல எத்தனைன்னு எழுத?"

"நிறைவேறிடுச்சுன்னு மட்டும் எழுதுங்க சிஸ்டர். போதும்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் தூக்கியபடியே இருந்தேன். கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாகக் கையை இறக்கும்போது துணி உரசும் சத்தம் ஒன்று வருமே, அது பின்னாலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் நான் இறக்கினேன்.