அடித்த பக்கத்தில் பென்சில் புள்ளிகள்

செல்லபாய்,

நீ ஜெபக்கூட்டம் முடிந்து வருவதற்குள் வாழைக்குலை லோடு வந்துவிட்டதென்று கருங்கல் சந்தையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மரச்சீனி அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாளை மீன் கறியை நீதான் சூடாக்க வேண்டும்.

பிரஸ்காரர் சிஜின் பத்து மணிக்கு, நான் எழுதின நம்ம புத்தகத் தாள்களை அச்சடிக்க வாங்கிப்போக வருவார். கட்டு அலமாரி மேல் இருக்கிறது. அவருக்கு ஒரு சாயா போட்டுக் கொடு.

நீ சிவப்புப் பேனாவால் திருத்தியதெல்லாம் சரிதான். சந்தை ஏலக்காரனை நான் ஏசி எழுதியதை வெட்டினாய், அதுவும் நல்லதுக்குத்தான். ஆனால் நீ சுளவில் அரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுத்து படிப்பித்த பக்கத்தை முழுசாக அடித்துவிட்டாயே. அந்தச் சங்கடத்தில்தான் நேற்று சாப்பிடாமல் எழுந்தேன்.

"பெண்டாட்டிதான் வாத்தியாருன்னு சந்தையில உம்மளப் பாத்துச் சிரிப்பானுவ" என்றாய். சிரிக்கட்டும் ஏட்டி. சிரிக்கணும்னா முதலில் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கணுமே!

அடித்த வரிக்குக் கீழே புள்ளி வைத்தால், எடுக்காமல் அப்படியே அச்சடிப்பார்களாம். சிஜின்தான் சொன்னார். அந்தப் பக்கம் முழுக்கப் புள்ளி வைத்திருக்கிறேன். எல்லாம் பென்சில்தான். உனக்கு மனசில்லை என்றால் அழித்துவிட்டுக் கொடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஜான்ரோஸ்

சாவி ஜன்னல் படியில் இருக்கிறது.

சாயந்தரம் சேர்ந்து சாப்பிடுவோம், கோபமெல்லாம் போய்விட்டது.

இன்னொன்று. முதல் தாளில் ‘எழுதியவர்’ என்று என் பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே ‘எழுத்து படிப்பித்தவர் செல்லபாய்’ என்று சேர்த்திருக்கிறேன். அதைப் பேனாவால் எழுதினேன்.